நான்கு சக்கரம், நான்கு தராசு

முக்காலியின் ஒவ்வொரு காலும் தாங்கும் சுமையை நிலையியலால் கணக்கிடலாம். நான்கு கால் என்றால் எடைபோட்டுத்தான் பார்க்க வேண்டும். சென்ற விடுமுறையில் கோவைப் பட்டறையொன்றில் வேலை பார்த்தபோது இதைக் கற்றேன்.

கார்ட் பந்தய வண்டிக்கு ஸ்பிரிங் கிடையாது. பின்சக்கரங்கள் இரண்டும் ஒரே அச்சில் இறுகியவை. திருப்பத்தில் உட்புறப் பின்சக்கரம் சற்று எழும்பினால்தான் வண்டி இலகுவாகத் திரும்பும். ஒரு வண்டி வலப்புறம் மட்டும் திரும்ப மறுத்தது.

ஓட்டுநரை அமர்த்தி, சக்கரத்துக்கொரு தராசு வைத்தோம். முன்னே இடம் 36, வலம் 29. பின்னே இடம் 38, வலம் 47 கிலோ. இடப்பக்கம் 74, வலப்பக்கம் 76. “சரிதான்” என்றேன். “குறுக்கே கூட்டிப் பார், தம்பி” என்றார் மேஸ்திரி. 83, 67! சட்டம் திருகியிருந்ததால் வலப் பின்சக்கரம் எழும்பவில்லை. நிமிர்த்தியபின் இரண்டும் 75.

“கனம் வலிக்காதுடா, ஒரு பக்கமா அழுத்தினாதான் வலிக்கும்” என்பார் மூட்டை சுமக்கும் என் தந்தை. அது இயற்பியல் என்று அன்றுதான் தெரிந்தது.