சம்பள உயர்வு கேட்கும் முன்…



சம்பளம் கூட்டிக் கேட்பது தவக்குலுக்கு மாற்றமானதா? இல்லை. உழைத்தவர் கூலியைப் பேசுவது யாசகம் அல்ல. ஆனால் அதற்குத் தயாரிப்பு வேண்டும்.

சூரா அல்கஸஸில், மூஸா (அலை) அவர்களை வேலைக்கு அமர்த்தச் சொன்ன பெண்மணி இரண்டு தகுதிகளைக் கூறினார்: வலிமை, நம்பகத்தன்மை. அவருடைய தந்தையும் எட்டு ஆண்டுகள் என்று தவணையைத் தெளிவாகவே பேசினார். யூசுஃப் (அலை) அவர்கள் மன்னரிடம் பொறுப்பைக் கேட்டபோது, சிறையில் பட்ட கஷ்டத்தை அல்ல, தமது தகுதியையே முன்வைத்தார்கள்.

எனவே, வீட்டு வாடகை கூடியதை மட்டும் சொல்லாதீர்கள். இந்த ஓராண்டில் கூடுதலாக ஏற்ற வேலைகளை ஒரு தாளில் எழுதுங்கள். பக்கத்திலேயே, வேலை நேரத்தில் செல்போனில் கழித்த மணிகளையும் எழுதுங்கள். அது முதலாளிக்கு அல்ல, உங்களுக்கு! அமானிதத்தில் குறை இருந்தால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள்.

எவ்வளவு வேண்டும் என்பதைத் தெளிவாகச் சொல்லுங்கள். “வேறு கம்பெனியில் கூப்பிடுகிறார்கள்” என்று இல்லாததைச் சொல்லாதீர்கள். பொய்யால் கூடும் சம்பளத்தில் பரக்கத் கூடாது.

மறுத்துவிட்டால்? முதலாளி ஒரு வாசல்தான். ரிஸ்க் அளிப்பவன் அல்லாஹ். வேறு வேலை தேடலாம். இருக்கும் வரை வேலையில் குறை வைக்கக் கூடாது.

வல்ல ரஹ்மான் நம் அனைவருக்கும் ஹலாலான, பரக்கத்தான ரிஸ்க்கைத் தருவானாக! ஆமீன்.