பப்பாளி மீது விழும் பழி

முருங்கைக்காயும் கறிவேப்பிலையும் நல்ல மீனும் வேண்டுமென்றால் டெல்லித் தமிழர்கள் போவது ஐ.என்.ஏ. மார்க்கெட்டுக்குத்தான். அங்கே பப்பாளியைப் பார்த்ததும் ஊரிலிருந்து கூடவே வந்த எச்சரிக்கையும் நினைவுக்கு வந்துவிடும்: "மாசமா இருக்கே, அதைத் தொடாதே!" குறைமாதத்தில் பிள்ளை பிறந்துவிட்டால் தாயிடம் முதலில் கேட்பது, "என்னத்தைத் தின்னே?"

நன்றாகப் பழுத்த பப்பாளியை அளவாகச் சாப்பிட்டால் குறைப்பிரசவம் ஆகும் என்பதற்குச் சான்று இல்லை. பால் வடியும் காயைத் தவிர்ப்பது சரி. அந்தப் பால் எலிகளின் கருப்பையைச் சுருங்கச் செய்ததை ஆய்வகத்தில் பார்த்திருக்கிறார்கள்.

37 வாரம் நிறையுமுன் பிறப்பது குறைப்பிரசவம். 2020இல் இந்தியாவில் ஏறக்குறைய 30 லட்சம் குழந்தைகள் அப்படிப் பிறந்தார்கள், அதாவது நூற்றுக்குப் பதின்மூன்று. இத்தனைக்கும் ஒரு பழமா காரணம்? தாய்க்குப் பதினெட்டு வயதுகூட ஆகாதிருப்பது, முதல் பிள்ளைக்கு ஒரு வயது ஆகுமுன் அடுத்தது தங்குவது, எடை குறைவு, இரத்தசோகை, விறகடுப்புப் புகை, பாரம் தூக்கும் வேலை, வீட்டில் அடி உதை, பரிசோதனைக்கே போகாதது: ஆபத்தோடு சேர்த்துப் பேச வேண்டியவை இவை. 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், 20 முதல் 24 வயதுப் பெண்களில் 23 சதவீதம் பேருக்குப் பதினெட்டுக்கு முன்பே கல்யாணம் ஆகியிருந்தது. கர்ப்பிணிகளில் பாதிக்கு மேல் இரத்தசோகை. இவற்றில் எதை அந்தப் பெண் தானாகத் தேர்ந்தெடுத்தாள்? கல்யாணத் தேதியைக் குறித்தவர்கள் வேறு யாரோ. வீட்டில் எல்லோரும் சாப்பிட்டு முடித்த பிறகு மிஞ்சியதைச் சாப்பிட வைத்ததும் வேறு யாரோ.

"வசதியான வீட்டில் இதெல்லாம் வராது" என்பதும் தவறு. முப்பத்தைந்தைத் தாண்டிய கர்ப்பம், கருத்தரிப்புச் சிகிச்சையில் உண்டாகும் இரட்டைக் கரு, இரத்த அழுத்தம், சர்க்கரை ஆகியவை அங்கே வரும் காரணங்கள். எந்தக் காரணமும் பிடிபடாத குறைப்பிரசவங்களும் நிறைய உண்டு. அந்தத் தாய்மாரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது கொடுமை.

"ஏழு மாசப் பிள்ளை தங்கும், எட்டு மாசப் பிள்ளை தங்காது" என்ற பேச்சு இன்னும் ஆபத்தானது. கருவில் ஒவ்வொரு வாரம் கூடும்போதும் நுரையீரல் முதிர்கிறது. எட்டு மாதக் குழந்தைக்குத்தான் வாய்ப்பு அதிகம். சீக்கிரம் பிறந்த பிள்ளைகளைக் காப்பாற்றவும் வழி உண்டு. ஐ.என்.ஏ. மார்க்கெட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் சஃப்தர்ஜங் மருத்துவமனை, உலக சுகாதார நிறுவனம் ஐந்து நாடுகளில் நடத்திய ஆய்வில் பங்கேற்றது. அதில் எடை குறைந்த குழந்தைகளை, உடல்நிலை சீராகும்வரை காத்திருக்காமல், பிறந்த உடனேயே தாயின் மார்போடு தோலோடு தோலாக அணைத்து வைத்தார்கள். இறப்பு கால்வாசி குறைந்தது என்று 2021இல் முடிவு வெளியானது. தாயால் முடியாத நேரத்தில் குடும்பத்தில் இன்னொருவர் அணைத்துக்கொண்டார்.

முன்கூட்டியே வலி வந்தாலோ, பனிக்குடம் உடைந்தாலோ, இரத்தம் பட்டாலோ விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. பச்சிளங்குழந்தைப் பிரிவு உள்ள மருத்துவமனைக்கு நேரத்தோடு போய்விட்டால், 34 வாரத்துக்கு முன் பிறக்கவிருக்கும் குழந்தையின் நுரையீரலை முதிரச் செய்யும் ஸ்டீராய்டு ஊசியைத் தாய்க்குப் போட முடியும். வாடகை வண்டிக்குப் பணம் கையில் இருப்பதும், யாருடைய சம்மதத்துக்கும் காத்திராமல் அவள் கிளம்ப முடிவதும் மருந்தைப் போலவே முக்கியம்.