கடல் மயக்கமும் கயாக் மீன்பிடிப்பும்

(இரண்டாம் ஆண்டு இளம் அறிவியல், விலங்கியல்)

குமட்டலைக் குறிக்க மருத்துவர்கள் வழங்கும் 'நாசியா' என்ற சொல்லின் வேர் கிரேக்க மொழியில் உள்ளது. அம்மொழியில் 'நவுஸ்' என்றால் கப்பல். கப்பல் ஏறினால் வயிறு புரளும் என்பதை மனிதன் எத்துணைப் பழங்காலத்திலேயே அறிந்திருந்தான் என்பதற்கு இச்சொல் ஒன்றே சான்றாகும். இங்கிலாந்தின் புகழ் பெற்ற கடற்படைத் தளபதி நெல்சன் கடல் மயக்கத்தால் அவதியுற்றவர். விலங்கியல் மாணவர்களாகிய நாம் போற்றும் சார்லஸ் டார்வின், 1831 முதல் 1836 வரை 'பீகிள்' கப்பலில் சென்றபோது இதே தொல்லைக்கு ஆளாகிப் பல நாட்கள் படுத்துக் கிடந்தார். எனவே வீரத்திற்கும் அறிவிற்கும் இந்நோய் அஞ்சுவதில்லை என்பது தெளிவு.

பெரிய கப்பலிலேயே இந்நிலை என்றால், ஒருவர் மட்டுமே அமரக்கூடிய சிறு படகில் என்ன ஆகும்? உலகின் பல கடற்கரைகளில் இன்று 'கயாக்' என்னும் சிறு படகைத் தனியாளாகத் துடுப்புப் போட்டுச் செலுத்தி, ஆழ்கடலில் தூண்டில் போடுவோர் பெருகி வருகின்றனர். அவர்களுக்கு அலையை விடப் பெரிய பகை கடல் மயக்கமே. அதன் காரணத்தையும் அதைச் சமாளிக்கும் வழிகளையும் இக்கட்டுரையில் காண்போம்.

கயாக்கும் கட்டுமரமும்

கயாக், வடதுருவப் பகுதியில் வாழும் இனுயிட் மக்களின் படைப்பு. மரத்தாலோ எலும்பாலோ சட்டம் கட்டி, அதன் மேல் கடல்நாயின் தோலைப் போர்த்தித் தைத்து அதை உருவாக்கினர். இன்று மீன் பிடிக்கப் பெரிதும் பயன்படும் கயாக் பிளாஸ்டிக்கால் ஆனது. இதில் படகின் உள்ளே இறங்கி அமர்வதில்லை. மூடிய தளத்தின் மேலேயே அமர்கிறார்கள். தளத்தில் உள்ள துளைகள் வழியே அலைநீர் தானே வடிந்துவிடும்.

நம் கட்டுமரத்தை அறிந்தவர்களுக்கு இது புதுமையாகத் தோன்றாது. மரங்களைக் கயிற்றால் பிணைத்த கட்டுமரத்திலும் இடைவெளி வழியே நீர் வடிந்துவிடும். அது நீர் நிறைந்து மூழ்குவதில்லை. இரண்டிலும் மனிதன் நீர்மட்டத்தை ஒட்டியே இருக்கிறான். கடல் ஏறினால் அவனும் ஏறுகிறான். கடல் இறங்கினால் அவனும் இறங்குகிறான்.

மயக்கம் ஏன் வருகிறது?

நம் உட்செவி கேட்பதற்கு மட்டும் உரியதன்று. உடலின் சமநிலையைக் காப்பதும் அதுவே. ஒவ்வொரு செவியிலும் மூன்று அரைவட்டக் குழல்கள் உள்ளன. இவை ஒன்றுக்கொன்று ஏறக்குறைய செங்குத்தான தளங்களில் அமைந்துள்ளன. தலை திரும்பும்போது குழலினுள் உள்ள நீர்மம் பின்தங்குகிறது. அதனால் உணர்மயிர்கள் வளைந்து மூளைக்குச் செய்தி அனுப்புகின்றன. இவற்றை அடுத்துள்ள யூட்ரிக்குலஸ், சாக்குலஸ் என்னும் இரு பைகளில் சுண்ணாம்புப் படிகங்கள் உள்ளன. மேலும் கீழும், முன்னும் பின்னும் நேரும் அசைவையும் புவியீர்ப்பின் திசையையும் இவை உணர்த்துகின்றன.

மூளை மூன்று சாட்சிகளை விசாரிக்கும் நீதிபதியைப் போன்றது. கண் ஒரு சாட்சி. உட்செவி ஒரு சாட்சி. தசைகளும் மூட்டுகளும் மூன்றாவது சாட்சி. கரையில் மூன்றும் ஒரே கதையைச் சொல்கின்றன. கடலில் தூண்டில் முள்ளைக் கட்டக் குனிந்திருப்பவனின் கண்ணோ, "முள்ளும் மடியும் அசையவில்லை" என்கிறது. செவியோ, "ஏறுகிறோம், இறங்குகிறோம், சாய்கிறோம்" என்கிறது. சாட்சிகள் முரண்படுகின்றன. இம்முரண்பாடே மயக்கத்தின் காரணம் என்பது இன்று பெரும்பாலோர் ஏற்கும் கொள்கை. இதனை விரிவாக வகுத்தவர்களுள் ஒருவர் ஜேம்ஸ் ரீசன் என்னும் ஆங்கில உளவியலறிஞர். அவர் பிராண்ட் என்பவருடன் எழுதிய நூல் 1975இல் வெளிவந்தது.

உட்செவிக்கு இதில் உள்ள பங்கை ஐயமற நிறுவிய ஆய்வும் உண்டு. 1968இல் வெளியான அவ்வாய்வில், உட்செவி உறுப்பு இருபுறமும் செயலிழந்தவர்களையும் இயல்பானவர்களையும் வட அட்லாண்டிக் கடலில் புயலின் நடுவே ஒரே கப்பலில் கொண்டு சென்றனர். இயல்பானவர்கள் துன்புற்றனர், செவியுறுப்புச் செயலிழந்தவர்களுக்கு மயக்கம் வரவில்லை.

சரி, செவிக்கும் கண்ணுக்கும் பிணக்கு என்றால் வயிறு ஏன் தண்டனை பெற வேண்டும்? 1977இல் டிரைஸ்மன் என்பவர் ஒரு விளக்கம் தந்தார். இயற்கையில் புலன்கள் இவ்வாறு குழம்புவது நஞ்சுண்டபோதுதான். ஆகவே மூளை, "ஏதோ நஞ்சு உள்ளே போய்விட்டது" என்று கருதி அதை வெளியேற்ற முயல்கிறதாம். இது கருதுகோளே எனினும் சிந்திக்கத்தக்கது.

எந்த அலை பொல்லாதது?

அலை பெரிதாக இருந்தால்தான் மயக்கம் வரும் என்று நினைப்பது தவறு. அலையின் உயரத்தைப் போலவே அதன் கால அளவும் முக்கியம். நொடிக்கு 0.2 முறை, அதாவது ஐந்து நொடிக்கு ஒரு முறை ஏறி இறங்கும் அசைவே மிகுதியாகக் குமட்டலைத் தருகிறது என்று 1974இல் வெளியான சோதனைகள் காட்டின. துடுப்புப் போடுவதை நிறுத்தி, நங்கூரமிட்டுத் தூண்டிலை இறக்கிக் காத்திருக்கும் கயாக்கை இத்தகைய அலைகள் சீராகத் தாலாட்டும். கரை தாண்டும்போது நன்றாக இருந்தவர், மீன் பிடிக்க அமர்ந்ததும் சுருண்டு விடுவது இதனால்தான்.

இன்னொரு காரணமும் உண்டு. கடலில் அசையாமல் இருப்பது தொடுவானம் ஒன்றே. கண்ணின் உயரம் மீட்டரில் தெரிந்தால், அதன் வர்க்கமூலத்தை 3.57ஆல் பெருக்கத் தொடுவானத்தின் தூரம் கிலோமீட்டரில் கிடைக்கும். கயாக்கில் அமர்ந்தவரின் கண் நீர்மட்டத்திலிருந்து சுமார் 0.8 மீட்டர் உயரத்தில் இருப்பதாகக் கொண்டால் தொடுவானம் சுமார் 3.2 கிலோமீட்டரில் தெரியும். கட்டுமரத்தில் எழுந்து நிற்பவரின் கண் 1.6 மீட்டர் உயரம் எனில் சுமார் 4.5 கிலோமீட்டர். ஆனால் ஒரு மீட்டர் அலை எதிரே எழுந்தாலே அமர்ந்திருப்பவருக்குத் தொடுவானம் மறைந்துவிடும். கண்ணுக்கிருந்த ஒரே பிடிப்பும் போய்விடும்.

அமைதிக் கடலிலும் ஒரு மயக்கம்

இதற்கு நேர்மாறான ஒன்றை கிரீன்லாந்தின் மேற்குக் கரை வேட்டைக்காரர்கள் அறிந்திருந்தனர். காற்றே இல்லாமல் கடல் கண்ணாடியாய்க் கிடக்கும். வெயில் கண்ணைக் கூசச் செய்யும். வேட்டைக்காரர் கயாக்கில் தனியே அசையாது காத்திருப்பார். திடீரென்று தலை சுற்றும். படகின் முனை மேலே எழுவது போலவும் உள்ளே நீர் புகுவது போலவும் தோன்றும். கையை அசைக்கவும் அஞ்சுவார். இதற்குக் 'கயாக் அச்சம்' என்று பெயர். இதனால் கடல் தொழிலையே கைவிட்டவர்களும் உண்டு. சிறு காற்று எழுந்து நீர் சலனமுற்றாலோ மற்றொரு கயாக் அருகே வந்தாலோ இது தெளிந்துவிடும். கண்ணுக்குப் பிடிப்பும், கைக்கு வேலையும், அருகில் துணையும் வேண்டும் என்பதே இதில் நாம் கற்கும் பாடம்.

சமாளிக்கும் வழிகள்

1. முன்னிரவு நன்றாக உறங்க வேண்டும். மது கூடவே கூடாது. அது உட்செவியின் உணர்பகுதியில் ஊடுருவி அதன் அடர்த்தியையே மாற்றிச் சமநிலையைக் கெடுக்கிறது.

2. வெறும் வயிற்றோடும் போகக்கூடாது. எண்ணெய்ப் பண்டங்களால் வயிற்றை நிரப்பிக்கொண்டும் போகக்கூடாது. இரண்டு இட்லி போன்ற எளிய உணவே ஏற்றது.

3. தங்கூசியில் முள் கட்டுவது, ஈயம் கோப்பது, இரையை நறுக்குவது ஆகிய குனிந்து செய்யும் வேலைகளைக் கரையிலேயே முடித்துவிட வேண்டும். மீன் இருப்பதைக் காட்டும் கருவியின் திரையை உற்றுப் பார்த்துக்கொண்டே இருத்தல் ஆகாது.

4. நிமிர்ந்து அமர்ந்து தொடுவானத்தையோ கரையில் உள்ள கலங்கரை விளக்கம், கோபுரம் போன்ற ஒன்றையோ பார்க்க வேண்டும்.

5. கொட்டாவி, வாயில் நீர் ஊறல், முகம் வெளுத்தல், குளிர்ந்த வியர்வை, காரணமற்ற சோர்வு ஆகியவை முன்னறிகுறிகள். இவை தோன்றியதும் தூண்டிலைச் சுருட்டிவிட்டுத் துடுப்புப் போடத் தொடங்க வேண்டும். படகைத் தானே செலுத்துபவருக்கு அடுத்து வரும் அசைவு முன்கூட்டியே தெரிவதால் முரண்பாடு குறைகிறது. பேருந்தில் பயணிக்கு வரும் மயக்கம் ஓட்டுநருக்கு வராததும் இதனாலேயே.

6. வாந்தி வந்தால் பக்கவாட்டில் தலையை நீட்டக்கூடாது. தலையின் எடை ஒரு புறம் சாய்ந்தால் கயாக் கவிழக்கூடும். மடியிலேயே எடுத்துவிட்டுக் கடல்நீரால் கழுவுவதே மேல். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

7. வாந்தியால் இழந்த நீரை ஈடு செய்ய வேண்டும். ஒரு லிட்டர் குடிநீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்து, சிறிது சிறிதாகப் பருகலாம்.

8. தனியே போகக்கூடாது. உயிர்காப்பு மிதவைச் சட்டையைக் கழற்றக்கூடாது. மயக்கம் தொடங்கியதைத் துணைவரிடம் உடனே சொல்லி, கையில் வலு இருக்கும்போதே கரை திரும்ப வேண்டும். வலு முழுதும் இழந்தபின் அலைவாயைக் கடப்பது உயிருக்கே ஆபத்து.

மருந்துகள்

1949இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் நிறுவன மருத்துவர்கள் 'டைமென்ஹைட்ரினேட்' என்னும் மருந்தின் பயனை வெளியிட்டனர். தோல் தடிப்புக்காக அதை உட்கொண்ட பெண் ஒருவர், டிராம் வண்டியில் தமக்கு வழக்கமாக வரும் குமட்டல் வரவில்லை என்று கூறியதே இதன் தொடக்கம். இதுவும், சின்னரிசின், மெக்லிசின் முதலியனவும் இன்று வழக்கில் உள்ளன. 'ஹையோசின்' மருந்தைக் காதின் பின்புறம் ஒட்டும் முறை அமெரிக்காவில் 1979இல் ஏற்கப்பட்டது. மாத்திரைகளைப் புறப்படுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே உட்கொள்ள வேண்டும். குமட்டல் முற்றியபின் உண்டால் அதுவும் வாந்தியோடு வெளியேறிவிடும். இவற்றுள் பல உறக்கம் தருபவை. கப்பல் பயணி உறங்கலாம். கயாக்கில் இருப்பவர் உறங்கலாமா? ஆகவே மருத்துவரைக் கேட்டு, முதலில் கரையில் ஒரு நாள் உண்டு பார்ப்பதே அறிவுடைமை.

நம் அடுப்படி இஞ்சிக்கும் இதில் இடமுண்டு. 1988இல் வெளியான ஆய்வொன்றில் டென்மார்க் கடற்படைப் பயிற்சி மாணவர்கள் 80 பேரைக் கொண்டு திறந்த கடலில் சோதித்தனர். ஒரு கிராம் இஞ்சித் தூள் உண்டவர்களிடம் வாந்தி குறைந்தது. இஞ்சி உறக்கம் தருவதில்லை என்பது கூடுதல் நன்மை.

எல்லா மருந்திலும் சிறந்தது பழக்கம். தொடர்ந்து கடலில் இருப்போரில் பெரும்பாலோருக்கு இரண்டு மூன்று நாட்களில் மூளை புதிய அசைவைக் கற்றுக்கொள்கிறது. நெடுநாள் கரையில் தங்கினால் அப்பழக்கம் மறைந்துவிடும். மீண்டும் பழக வேண்டும்.

கோழைத்தனம் அன்று

என் தந்தையார் கட்டுமரத்தில் தொழில் செய்தவர். இப்போது ஃபைபர் படகில் செல்கிறார். பள்ளிக்கூடம் கண்டதில்லை. புதிதாகக் கடலுக்கு வரும் பையன் முகம் வெளுத்தால், "சும்மா குந்தியிருக்காதடா, துடுப்பப் புடி, கரையில கோபுரத்தப் பாரு" என்பார். மேலே எண்ணிட்டுக் கூறிய நான்காவது வழியும் ஐந்தாவது வழியும் அந்த ஒரு வாக்கியத்தில் அடங்கிவிட்டதை இக்கட்டுரைக்காகப் படித்தபோது உணர்ந்து வியந்தேன்.

ஆனால் எங்கள் குப்பத்தில் வேறொரு பேச்சும் உண்டு. கடலில் வாந்தி எடுத்தவனை 'கடல் ஒத்துக்காதவன்' என்று கேலி செய்வார்கள். எங்கள் வீட்டில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள் நான். "கடல் ஒத்துக்காததால்தானே படிக்கப் போனான்" என்று என்னைப் பற்றிச் சொல்வோரும் உளர். இக்கேலிக்கு அஞ்சி, மயக்கத்தை மறைத்துக்கொண்டு படகில் நிற்கும் சிறுவர்கள் இருக்கிறார்கள். மறைப்பதுதான் ஆபத்து. சோர்ந்த கை வலையில் சிக்கலாம். தள்ளாடிய கால் வழுக்கலாம். சொல்லிவிட்டால் பக்கத்தில் இருப்பவர் பார்த்துக்கொள்வார்.

நம் துறை மாணவர்களுக்கும் இது பொருந்தும். மிதவை உயிரிகளைச் சேகரிக்கப் படகேறும் நாளில், குனிந்து குப்பிக்குச் சீட்டு ஒட்டும் தோழன் திடீரென மௌனமானால் நகைக்க வேண்டாம். குப்பியை அவன் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, தொடுவானத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். உட்செவி நன்கு வேலை செய்பவனுக்கே கடல் மயக்கம் வரும். அது உடலின் குறையன்று. உடல் விழிப்போடு இருப்பதன் அடையாளம்.