நிலவறையில் தொடங்கிய மருந்தகம்

ஸ்ரீ கெம்பாங்கானில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் ஆண் பூனை ஒன்று வளர்வதாக வைத்துக்கொள்வோம். காலையிலிருந்து அது மணல் தட்டுக்குப் போவதும் திரும்புவதுமாக இருக்கிறது. முக்குகிறது, முனகுகிறது, ஒரு சொட்டுச் சிறுநீர்கூட வரவில்லை. வீட்டிலுள்ளோர் அதை மலச்சிக்கல் என்று எண்ணுகின்றனர். உண்மையில் அதன் சிறுநீர்க் குழாய் அடைபட்டிருக்கிறது. ஆண் பூனைக்கு அந்தக் குழாய் மிகவும் குறுகலானது. நுண்ணிய படிகங்களும் சளியும் சேர்ந்தால் எளிதில் அடைத்துக்கொள்ளும். அடைப்பு நீங்காவிட்டால் சிறுநீரகம் செயலிழக்கும். இரண்டு மூன்று நாள்களில் பூனை இறந்துவிடும்.

இது தீராத நோய் அன்று. கால்நடை மருத்துவர் மயக்க மருந்து கொடுத்து, மெல்லிய குழாயைச் செலுத்தி அடைப்பை நீக்குவார். சில நாள்கள் மருந்தகத்தில் வைத்துக்கொண்டு நரம்பு வழியாக நீர் ஏற்றுவார். உரிய நேரத்தில் கொண்டு சென்றால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். ஆனால், தனியார் மருந்தகத்தில் இதற்குப் பல நூறு ரிங்கிட் செலவாகும். நம் நாட்டில் குறைந்தபட்சச் சம்பளம் 2025ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் மாதம் 1,700 ரிங்கிட்டாக உயர்த்தப்பட்டது. அந்தச் சம்பளத்தில் வீட்டு வாடகை, பிள்ளைகளின் பள்ளிச் செலவு, மோட்டார் சைக்கிள் தவணை எல்லாவற்றையும் கட்டும் ஒருவர் பூனைக்கு என்ன செய்வார்? கடன் வாங்கலாம். வலியின்றி இறக்கச் செய்யும் ஊசியைப் போடச் சொல்லலாம். சிலர் இருட்டிய பிறகு சந்தைப் பக்கம் கொண்டுபோய் விட்டுவிடுகின்றனர்.

கடைசியாகச் சொன்னதைச் சட்டம் ஏற்பதில்லை. 2015ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டம் 2017ஆம் ஆண்டு ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. வலி, காயம், நோய் ஆகியவற்றிலிருந்து தன் விலங்கைக் காப்பது உரிமையாளரின் கடமை என்கிறது அச்சட்டம். விலங்கைக் கொடுமைப்படுத்துவோருக்கு 20,000 முதல் 100,000 ரிங்கிட் வரை அபராதமோ மூன்றாண்டு வரை சிறைத்தண்டனையோ இரண்டுமோ விதிக்கப்படலாம். கடமை எல்லாருக்கும் ஒன்றுதான். அதை நிறைவேற்றும் வசதி மட்டும் வீட்டுக்கு வீடு வேறுபடுகிறது.

“பணமில்லாதவருக்குப் பூனை எதற்கு?” என்று கேட்போரும் உண்டு. இக்கேள்வி புதியதன்று. நூறாண்டுகளுக்கு முன்பு இலண்டன் மாநகரின் ஏழைக் குடியிருப்புகளைப் பற்றியும் இதையே கேட்டனர். அங்கே இதற்குச் செயலால் விடை தந்தவர் மரியா டிக்கின் என்னும் பெண்மணி.

1870இல் பிறந்த மரியா, சமயப் போதகர் ஒருவரின் மகள். எட்டுப் பிள்ளைகளில் மூத்தவர். திருமணத்திற்குப் பின், கிழக்கு இலண்டனில் ஏழைகளின் வீடுகளுக்குச் சென்று உதவும் தொண்டூழியத்தில் ஈடுபட்டார். மனிதர்களுக்கு உதவப் போனவரின் கண்ணில் விலங்குகளின் நிலையும் பட்டது. சொறி பிடித்துத் தோல் தெரியும் நாய்கள் சாக்கடையோரம் உணவு தேடின. காலில் புண்ணோடு கழுதைகள் காய்கறி வண்டிகளை இழுத்தன. அவற்றின் உரிமையாளர்கள் எல்லாருமே இரக்கமற்றவர்கள் அல்லர். மருத்துவரிடம் போகக் காசு இல்லாதவர்கள் அவர்கள். கழுதை படுத்துவிட்டால் அன்றைய வியாபாரமும் படுத்துவிடும். நாய் இல்லாவிட்டால் தனித்து வாழும் முதியவருக்குப் பேச்சுத் துணையே இல்லை. வசதியானவர் வீட்டு நாயைவிட ஏழை வீட்டு விலங்குக்கு அந்த வீட்டில் வேலை அதிகம் என்பதையே மரியா அங்கே கண்டார்.

முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்த காலம் அது. 1917ஆம் ஆண்டு நவம்பர் 17ஆம் நாள், இலண்டனின் ஒயிட்சேப்பல் பகுதியில் ஒரு கட்டடத்தின் நிலவறையில் மரியா தம் மருந்தகத்தைத் திறந்தார். நோயுற்ற விலங்கு எதுவாயினும் கொண்டு வரலாம், சிகிச்சைக்குக் கட்டணம் இல்லை என்று வாசலில் அறிவிப்பு வைக்கப்பட்டது. விரைவிலேயே அந்த நிலவறை போதாமல் பெரிய இடம் தேட வேண்டியதாயிற்று. மருந்தகத்திற்கு வர இயலாதவர்களை நாடிப் போவதற்காக, சில ஆண்டுகளில் குதிரை இழுக்கும் வண்டி ஒன்றையே நடமாடும் மருந்தகமாக அமைத்தார். பின்னர் அத்தகைய வண்டிகள் பல ஊர்களுக்கும் சென்றன.

எதிர்ப்பும் வந்தது. அதை முற்றிலும் பொறாமை என்று தள்ளிவிட முடியாது. தொடக்கத்தில் அந்த மருந்தகங்களில் சிகிச்சை அளித்தவர்கள் பலரும் முறையாகக் கால்நடை மருத்துவம் படித்தவர்கள் அல்லர். படிக்காதவர் அறுவை செய்வது விலங்குக்கே ஆபத்து என்று மருத்துவர்கள் கண்டித்தனர். அவர்களது கவலையில் நியாயம் இருந்தது. ஆனால், ஏழையின் கழுதையை இலவசமாகப் பார்க்க அன்று போதிய மருத்துவர்கள் முன்வரவில்லை என்பதும் உண்மை. காலப்போக்கில் அந்த அமைப்பு தகுதி பெற்ற மருத்துவர்களையே பணியில் அமர்த்தியது. பி.டி.எஸ்.ஏ. என்று இன்று அழைக்கப்படும் அந்த அமைப்பு, பிரிட்டன் முழுவதும் விலங்கு மருத்துவமனைகளை நடத்துகிறது. மக்கள் தரும் நன்கொடை, உயில் வழியாக எழுதி வைக்கும் சொத்து, பழைய பொருள்களை விற்கும் கடைகள் ஆகியவையே அதன் முதன்மையான வருவாய். போரில் துணைநின்ற விலங்குகளுக்காக 1943இல் தொடங்கப்பட்ட டிக்கின் பதக்கமும் மரியாவின் பெயரையே தாங்கியுள்ளது.

தமிழகத்திலும் இதற்கு இணையான முயற்சி உண்டு. சென்னையில் விமானி கேப்டன் வி. சுந்தரமும் அவர்தம் குடும்பத்தாரும் 1959இல் புளூ கிராஸ் அமைப்பைத் தொடங்கினர். வெள்ளத்தில் தத்தளித்த இரு நாய்க்குட்டிகளை அவர் வீட்டிற்கு எடுத்து வந்ததே இதன் தொடக்கம் என்பர். தெருநாய்களைக் கொல்வதற்குப் பதிலாகக் கருத்தடை செய்து, தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே விடும் முறையை அந்த அமைப்பு 1960களிலேயே வலியுறுத்தியது. சென்னை மாநகராட்சி அம்முறையை ஏற்க 1990களின் நடுப்பகுதி ஆயிற்று. முப்பது ஆண்டுக் காத்திருப்பு! அதே நகரில், வேப்பேரியில் 1903இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனையும் பொதுமக்களின் விலங்குகளைப் பார்க்கிறது. அங்கே மாணவர்கள் தொழிலைக் கற்கின்றனர். ஆட்டுக்குட்டியைத் தோளில் தூக்கி வருபவருக்குச் சிகிச்சை கிடைக்கிறது.

கிள்ளான் பள்ளத்தாக்கிலும் அத்தகைய கல்வி மருத்துவமனை ஒன்று இருக்கிறது. செர்டாங்கில் உள்ள மலேசியப் புத்ரா பல்கலைக்கழகத்தின் கால்நடை மருத்துவமனை, ஸ்ரீ கெம்பாங்கானுக்கு அண்டை வீடு போன்றது. சிறப்பு மருத்துவர்களும் நவீனக் கருவிகளும் அங்கு உள்ளனவாயினும், அதுவும் கட்டணம் பெற்றே இயங்குகிறது. கால்நடைச் சேவைத் துறையின் அரசாங்க மருந்தகங்களில் கட்டணம் பொதுவாகக் குறைவு. 1958இல் தொடங்கப்பட்ட சிலாங்கூர் எஸ்.பி.சி.ஏ. என்னும் விலங்கு வதைத் தடுப்புச் சங்கம், அம்பாங்கில் குறைந்த கட்டணத்தில் கருத்தடைச் சிகிச்சை அளித்து வந்துள்ளது. இவை தவிர, மருந்தகம் இல்லாமலே செயல்படும் சிறு குழுக்களும் உண்டு. அவற்றின் தொண்டூழியர்கள் நன்கொடை திரட்டி, தனியார் மருத்துவரிடம் கட்டணக் கழிவு கேட்டு, மீதித் தொகையைத் தாங்களே கட்டுகின்றனர். கட்டணத்தைக் குறைத்துக்கொள்ளும் மருத்துவரும் வாடகை, மருந்து, ஊழியர் சம்பளம் எல்லாவற்றையும் செலுத்தியாக வேண்டியவர்தாம். எல்லாருக்கும் இலவசம் என்று அவர் அறிவித்தால், அடுத்த ஆண்டு அந்தக் கடை வீட்டில் வேறு வியாபாரம் நடக்கும்.

இத்தகைய உதவியில் கருத்தடைக்கும் தடுப்பூசிக்கும் முதலிடம் தருவதற்குத் தெளிவான காரணம் உண்டு. பெண் பூனை நான்கைந்து மாத வயதிலேயே சினைப்படலாம். கருக்காலம் ஏறத்தாழ ஒன்பது வாரம்தான். ஓர் ஆண்டில் இரண்டு மூன்று முறைகூட குட்டி போடும். ஒரு வீட்டால் கருத்தடைச் செலவைக் கொடுக்க முடியாமல் போனால், அதன் விளைவு சில மாதங்களில் அந்தக் குடியிருப்பின் படிக்கட்டுக்கடியில் கண் திறக்காமல் கிடக்கும். தடுப்பூசியும் அப்படித்தான். நாய்க்குட்டிக்குப் பார்வோ நோய் கண்டால் பல நாள்கள் மருந்தகத்தில் வைத்துப் போராட வேண்டும். தடுப்பூசிக்கோ அதில் சிறு பங்குதான் செலவு. வெறிநாய்க்கடி நோய் மனிதரையும் கொல்லக்கூடியது. 2015இல் பெர்லிஸ், கெடா, பினாங்கு மாநிலங்களிலும் 2017 முதல் சரவாக்கிலும் அந்நோய் பரவியபோது, நாய்களுக்குத் தடுப்பூசி போடுவது ஊரையே காக்கும் பணியாயிற்று. நாய்க்கூட்டத்தில் ஏறக்குறைய 70 விழுக்காட்டுக்குத் தடுப்பூசி போட்டால் நோய் பரவும் சங்கிலி அறும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் கணிப்பு. வசதியுள்ளோரின் நாய்களுக்கு மட்டும் போட்டு அந்த விழுக்காட்டை எட்ட முடியாது.

இனி, யாருக்கு உதவுவது என்பதே தொண்டு மருந்தகங்களின் தீராத தலைவலி. பிரிட்டனில் அரசாங்கத்தின் நலத்திட்ட உதவியைப் பெறுவதற்கான சான்றைப் பி.டி.எஸ்.ஏ. கேட்கிறது, மருத்துவமனைக்கு அருகில் வசிக்கிறாரா என்பதையும் பார்க்கிறது. சான்று கேட்காவிட்டால் வசதியுள்ளோரும் வரிசையில் நிற்பர். நன்கொடை பாதியிலேயே தீர்ந்துவிடும். கேட்டால், எல்லைக்கோட்டுக்குச் சற்று மேலே வருமானம் உள்ளவர் திரும்பிப் போக நேரும். ஸ்ரீ கெம்பாங்கான் பூனையின் உரிமையாளர் அப்படிப்பட்டவராகவும் இருக்கலாம். கூடுதல் நேர வேலையும் சேர்ந்து அவரது சம்பளச் சீட்டில் தொகை சற்றுக் கூடியிருக்கும். அதை வாங்கிப் பார்க்கும் தொண்டூழியர் ஒரு கணம் தயங்குவார். கூண்டுக்குள் பூனை முனகிக்கொண்டிருக்கும். பின்னால் இன்னும் ஆறு பேர் காத்திருப்பர்.