கண்டிப்பான கம்பைலரையே தேர்ந்தெடு

அன்பு மகளுக்கு,

சித்தி எழுதுவது. புது லேப்டாப்பில் எதை ஏற்றிக்கொள்வது என்று கேட்டிருந்தாய். கல்லூரி லேபில் டர்போ சி++, விடுதித் தோழிகள் சொல்வது விஎஸ் கோட், சீனியர் அக்கா சொல்வது விஷுவல் ஸ்டுடியோ. போனிலேயே பதில் சொல்லியிருப்பேன். ஆனால் முதல் வருடத்தில் கைக்குப் பழகும் கருவி, நிரலைப் பற்றி நீ யோசிக்கும் விதத்தையே வளைத்துவிடும். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

எழுதுகிற இடம் வேறு, எழுதியதை இயந்திரத்துக்குப் புரியும் வடிவத்துக்கு மாற்றுகிற கம்பைலர் வேறு. விஎஸ் கோட் ஓர் எடிட்டர். அதை நிறுவினால் சி++ கம்பைலர் கூடவே வந்துவிடாது. "எல்லாம் போட்டாச்சு, ரன் பண்ணினா ஓடமாட்டேங்குது" என்று முதலாம் ஆண்டுப் பிள்ளைகள் தவிப்பது பெரும்பாலும் இது தெரியாமல்தான். எடிட்டர், கம்பைலர் இரண்டையும் ஒரே திரையில் சேர்த்து, சாமானியர் வாங்கும் விலைக்குத் தந்த பெருமை போர்லாண்ட் நிறுவனத்தைச் சேரும். 1983-இல் அவர்கள் விற்ற டர்போ பாஸ்கலின் விலை 49.95 டாலர். அதன் கம்பைலரை எழுதிய ஆண்டர்ஸ் ஹெய்ல்ஸ்பெர்க்தான் பின்னாளில் மைக்ரோசாஃப்டில் சி ஷார்ப், டைப்ஸ்கிரிப்ட் இரண்டையும் வடிவமைத்தவர். உங்கள் லேபில் டர்போ சி++ காட்டும் நீலத் திரை அந்த வம்சத்தில் வந்தது. அதன் மேல் எனக்கு மரியாதை உண்டு.

ஆனாலும் அது உன் லேப்டாப்பில் வேண்டாம். டர்போ சி++ முதலில் வெளியானது 1990-இல்; சி++ மொழிக்கு ஐஎஸ்ஓ தரநிலை வந்ததே 1998-இல். நீ லேபில் எழுதுவது தரநிலைக்கு முந்தைய சி++. திரையைத் துடைக்கும் கிளியர்-ஸ்கிரீனும், கடைசி வரியில் போடும் கெட்-சிஎச்சும் டாஸ் காலத்துச் சங்கதிகள், மொழியின் பகுதியே அல்ல. மெயினுக்கு முன்னால் வாய்டு போட்டால் இன்றைய ஜிசிசி கம்பைலர் அதைப் பிழை என்று திருப்பி அனுப்பிவிடும்.

இவற்றைவிடப் பெரிய சிக்கல், அது 16 பிட் உலகம் என்பது. அங்கே இன்ட் வகையில் 32,767-க்கு மேல் கொள்ளாது. ஃபாக்டோரியல் நிரலில் 7 கொடுத்தால் 5,040 என்று சரியாக வரும். 8 கொடுத்துப் பார். 40,320 வர வேண்டிய இடத்தில் மைனஸ் 25,216 வரும். கம்பைலரும் நிரலும் வாயே திறக்காது.

சரி, அதே நிரலை ஜிசிசியில் ஓட்டினால்? 8-க்குச் சரியான விடை வரும், 12 வரைக்கும் வரும். 13-க்கு 622 கோடியே 70 லட்சத்து 20 ஆயிரத்து 800 வர வேண்டும். சாதாரணமாகக் கம்பைல் செய்தால் 193 கோடியே 20 லட்சத்து 53 ஆயிரத்து 504 என்று வரும். இது டர்போவின் விடையைவிட ஆபத்தானது. மைனஸ் குறி இருந்தாலாவது சந்தேகப்படுவோம். இதை யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள்.

இப்போது கம்பைல் கட்டளையோடு 'எஃப்-சானிடைஸ்' என்ற கொடியைச் சேர்த்து, அதற்கு 'அன்டிஃபைன்ட்' என்று மதிப்புக் கொடுத்து ஓட்டு. எந்தக் கோப்பு, எத்தனையாவது வரி என்று குறிப்பிட்டு, 479001600-ஐ 13-ஆல் பெருக்கினால் அது இன்ட் வகைக்குள் அடங்காது என்று நிரலே சொல்லும். நான் கம்பைலரைத் தேர்ந்தெடுப்பது இதை வைத்துத்தான். என் தவறை எவ்வளவு சீக்கிரம், எவ்வளவு தெளிவாக என் முகத்துக்கு நேரே சொல்கிறது? திரையின் நிறம், எழுத்துருவின் அழகு எல்லாம் அதற்குப் பிறகு.

அதனால் விண்டோஸுக்குள் டபிள்யூஎஸ்எல் வழியாக உபுண்டு லினக்ஸை ஏற்றிக்கொள். அதில் பில்ட்-எசென்ஷியல் தொகுப்பை நிறுவினால் ஜிசிசி வந்துவிடும். கூடவே ஜிடிபி என்ற பிழைதிருத்தி, கிளாங் என்ற இன்னொரு கம்பைலர் இரண்டையும் போட்டுக்கொள். விண்டோஸில் நேராக ஓடும் மின்ஜிடபிள்யூ இருக்கிறதே என்று கேட்பாய். மேலே சொன்ன சானிடைஸர் வசதி அதன் ஜிசிசியில் பொதுவாகக் கிடைப்பதில்லை. கற்கும் வயதில் அதை விட்டுக்கொடுக்காதே. எடிட்டராக விஎஸ் கோட் இருக்கட்டும், ஒன்றும் குறையில்லை. ஆனால் இந்த செமஸ்டர் முடியும்வரை ரன் பொத்தானைத் தொடாமல், டெர்மினலில் கட்டளையை உன் கையால் அடி. டபிள்யூ-ஆல், டபிள்யூ-எக்ஸ்ட்ரா, ஜி என்ற மூன்று கொடிகளும் எப்போதும் அதில் இருக்கட்டும். முதல் இரண்டும் எச்சரிக்கைகளைத் திறந்துவிடும். மூன்றாவது பிழைதிருத்திக்கு வேண்டிய விவரங்களைச் சேர்க்கும். ஒப்பிட்டுப் பார்க்க வேண்டிய இடத்தில் ஒற்றைச் சமக்குறி போட்டுவிட்டால் டபிள்யூ-ஆல் உடனே சுட்டிக்காட்டும். எச்சரிக்கை ஒன்றுகூட மிச்சமில்லாதபோதுதான் நிரலை ஓட்டு.

இரண்டு கம்பைலர் எதற்கு? ஜிசிசி 1987-இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் வெளியிட்டது. மூலநிரலை யாரும் படிக்கலாம், மாற்றலாம். கிளாங், இல்லினாய் பல்கலைக்கழகத்தில் கிறிஸ் லாட்னர் 2000-இல் தொடங்கிய எல்எல்விஎம் திட்டத்தின் மேல் எழுந்து 2007-இல் வெளியானது. பிழைச் செய்தியை மனிதர் படித்துப் புரிந்துகொள்ளும்படி எழுதுவதில் அது காட்டிய அக்கறை பெரிது. பிழையான இடத்துக்குக் கீழே அம்புக்குறி போட்டுக் காட்டும் வழக்கத்தை ஜிசிசியும் பிறகு எடுத்துக்கொண்டது. ஒன்று கவனிக்காமல் விட்டதை மற்றது சொல்லும். ஜிசிசியின் செய்தி புரியாமல் திணறினால் அதே கோப்பைக் கிளாங்கிடம் கொடுத்துப் பார்.

இன்னொன்று. நிரலை வேகப்படுத்தும் ஓ-டூ கொடியைப் போட்டுக் கம்பைல் செய்ததும் அதுவரை ஒழுங்காக ஓடிய நிரல் தாறுமாறாக ஓடும் நாள் வரும். கம்பைலரில்தான் கோளாறு என்று தோன்றும். அநேகமாக இருக்காது. மதிப்புக் கொடுக்காத மாறியோ, எல்லை தாண்டிய அரேயோ உன் நிரலிலேயே ஒளிந்திருக்கும். அங்கங்கே பிரிண்ட்எஃப் போட்டுத் தேடுவதை விட்டுவிட்டு ஜிடிபியைத் திற. பிரேக், நெக்ஸ்ட், பிரிண்ட் இந்த மூன்று கட்டளைகளே பல மாதங்களுக்குப் போதும்.

விஷுவல் ஸ்டுடியோவைப் பற்றி அக்கா சொன்னதும் சரிதான். கம்யூனிட்டி பதிப்பு இலவசம், அதன் பிழைதிருத்தி அருமையானது, விண்டோஸுக்கென்றே வேலை செய்பவர்களுக்கு அதுதான் வீடு. ஆனால் கம்பைலருக்கு என்ன கட்டளை போகிறது என்பது அதில் எளிதில் கண்ணுக்குத் தெரியாது. கோப்புகள் இருபது, முப்பதாகப் பெருகும்போது அவற்றைச் சேர்த்துக் கட்ட உதவும் சிமேக் கருவியைக் கற்றுக்கொண்டு அந்தப் பக்கம் போகலாம். வரியை முடிப்பதற்குள் மீதியைத் தானே எழுதித் தரும் ஏஐ உதவியை மட்டும் இந்த வருடம் அணைத்து வை. தவறுகளை நீயே செய்து, கம்பைலரிடம் திட்டு வாங்க வேண்டிய வருடம் இது.

லேபில் ஆசிரியர் சொல்கிறபடியே செய். ரெக்கார்டிலும் தேர்விலும் டர்போ வழக்கையே எழுது. அங்கே வாதாட வேண்டாம். அறைக்கு வந்ததும் அதே பயிற்சியை உபுண்டுவில் மறுபடி எழுது. எந்தெந்த வரிகளை மாற்ற வேண்டியிருந்தது என்று ஒரு நோட்டில் குறித்து வை.

நிறுவும்போது எங்காவது நின்றுவிட்டால் திரையை போட்டோ எடுத்து அனுப்பாதே. நீ அடித்த கட்டளை, வந்த செய்தி இரண்டையும் முதல் எழுத்திலிருந்து அப்படியே காப்பி செய்து அனுப்பு. ஞாயிற்றுக்கிழமை காலையில் சேர்ந்து பார்ப்போம்.

அன்புடன்,
சித்தி