17 விநாடிகளில் மூண்ட பகை

ஒவ்வொரு நாட்டுக்கும் நில எல்லை இருப்பதைப் போலவே வான் எல்லையும் உண்டு. ஒரு நாட்டின் நிலப்பரப்புக்கும் அதன் கடல் எல்லைக்கும் மேலே உள்ள வான்பகுதி அந்த நாட்டுக்கே உரியது. 1944ஆம் ஆண்டு சிகாகோ நகரில் கையெழுத்தான அனைத்துலக உடன்படிக்கை இதனை உறுதிப்படுத்துகிறது. அனுமதி பெறாமல் வேற்று நாட்டின் போர் விமானம் அங்கே நுழைவது பெருங்குற்றமாகக் கருதப்படும். நிலத்தில் வேலி போடலாம். வானத்தில் வேலி போட முடியாது. கண்ணுக்குத் தெரியாத அத்தகைய எல்லையைப் பற்றிய சச்சரவு ஒன்று, 2015ஆம் ஆண்டில் இரண்டு பெரிய நாடுகளுக்கிடையே போர் மூளுமோ என உலகையே அஞ்ச வைத்தது.

அந்த இரு நாடுகள் ரஷ்யாவும் துருக்கியும் ஆகும். கருங்கடலின் வடகரையில் ரஷ்யாவும் தென்கரையில் துருக்கியும் உள்ளன. கடந்த நூற்றாண்டுகளில் இவை பலமுறை ஒன்றோடொன்று போரிட்டுள்ளன. ஆயினும், 21ஆம் நூற்றாண்டில் இவற்றின் உறவு வணிகத்தால் வலுப்பெற்றது. துருக்கி தனக்குத் தேவையான இயற்கை எரிவாயுவில் பாதிக்கும் மேற்பட்ட அளவை ரஷ்யாவிடமிருந்து வாங்கியது. துருக்கியில் விளைந்த தக்காளி, ஆரஞ்சு முதலியவை ரஷ்யச் சந்தைகளில் விற்கப்பட்டன. 2014ஆம் ஆண்டில் மட்டும் ஏறத்தாழ 4.5 மில்லியன் ரஷ்யர்கள் துருக்கிக்குச் சுற்றுலா சென்றனர்.

இந்த நல்லுறவுக்குச் சிரியாவின் உள்நாட்டுப் போர் சோதனையாக அமைந்தது. 2011ஆம் ஆண்டில் தொடங்கிய அப்போரில் ரஷ்யா சிரியா அரசாங்கத்தை ஆதரித்தது. துருக்கியோ அரசாங்கத்தை எதிர்த்துப் போரிட்ட குழுக்களை ஆதரித்தது. 2015ஆம் ஆண்டு செப்டம்பர் 30ஆம் நாள் ரஷ்ய விமானங்கள் சிரியாவில் குண்டு வீசத் தொடங்கின. அடுத்த சில நாள்களிலேயே ரஷ்ய விமானங்கள் தன் வான் எல்லைக்குள் நுழைந்ததாகத் துருக்கி கண்டனம் தெரிவித்தது. மோசமான வானிலையால் அவ்வாறு நேர்ந்தது என ரஷ்யா ஒரு சம்பவத்துக்கு விளக்கமளித்தது. மேலும், சிரியாவின் எல்லையோர மலைப்பகுதியில் துருக்கியரோடு இன உறவுடைய துருக்மேன் மக்கள் வாழ்கின்றனர். அங்கும் குண்டுகள் விழுந்தது துருக்கியின் சினத்தை வளர்த்தது.

இந்நிலையில், 2015ஆம் ஆண்டு நவம்பர் 24ஆம் நாள் காலை ஏறத்தாழ 9.24 மணிக்கு, துருக்கியின் எஃப்-16 போர் விமானம் ஒன்று ரஷ்யாவின் சுகோய்-24 ரகக் குண்டுவீச்சு விமானத்தைச் சுட்டு வீழ்த்தியது. சம்பவம் நடந்த இடத்தில் துருக்கியின் எல்லை விரல் நீட்டியதைப் போலச் சிரியாவுக்குள் நீண்டிருக்கிறது. அந்தக் குறுகிய பகுதியைக் கடந்தபோதுதான் விமானம் சுடப்பட்டது எனத் துருக்கி கூறியது.

என்ன நடந்தது என்பதைப் பற்றி இரு நாடுகளும் வெவ்வேறு விதமாகக் கூறின. அடையாளம் தெரியாத இரண்டு விமானங்களை 5 நிமிடங்களில் 10 முறை எச்சரித்ததாகவும், அவை அதனைப் பொருட்படுத்தாமல் ஏறக்குறைய 2 கிலோமீட்டர் தூரம் உள்ளே நுழைந்து 17 விநாடிகள் பறந்ததாகவும் துருக்கி ஐக்கிய நாடுகள் பாதுகாப்பு மன்றத்துக்கு எழுதியது. ரஷ்யாவோ தன் விமானம் சிரியாவின் வான்பகுதியைவிட்டு வெளியே செல்லவே இல்லை என்று கூறியது. உயிர் தப்பிய ரஷ்ய வீரரும் எந்த எச்சரிக்கையும் தமக்குக் கேட்கவில்லை என்றார்.

விமானம் சிரியாவின் மலைப்பகுதியில் விழுந்து நொறுங்கியது. அதிலிருந்த இருவரும் வான்குடையின் உதவியுடன் குதித்தனர். அவர்களுள் விமானி, தரையிலிருந்து ஆயுதக் குழுவினர் சுட்டதில் உயிரிழந்தார். மற்றவர் மீட்கப்பட்டார். அவர்களைத் தேடிச் சென்ற மீட்புக் குழுவைச் சேர்ந்த ரஷ்யக் கடற்படைக் காலாட்படை வீரர் ஒருவரும் கொல்லப்பட்டார்.

இச்செய்தி பரவியதும் இரு நாட்டு மக்களும் கொதித்தெழுந்தனர். இது முதுகில் குத்தும் செயல் என்று ரஷ்ய அதிபர் விளாடிமிர் புட்டின் சாடினார். ரஷ்யா மன்னிப்பை எதிர்பார்த்தது. துருக்கிய அதிபர் ரெசிப் தாயிப் எர்டோகனோ, எல்லையை மீறியவர்களே மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றார். ரஷ்யா துருக்கியுடனான இராணுவத் தொடர்புகளைத் துண்டித்தது. விமானங்களைத் தாக்கி அழிக்கும் எஸ்-400 ரக ஏவுகணைகளைச் சிரியாவில் நிறுத்தியது. துருக்கி நேட்டோ எனப்படும் இராணுவக் கூட்டணியின் உறுப்பு நாடு. அதனால், இரு நாடுகளுக்கிடையே போர் மூண்டால் அது பல நாடுகளுக்குப் பரவக்கூடும் என்ற அச்சம் எழுந்தது. அன்றே அவசரமாகக் கூடிய நேட்டோ, துருக்கியின் எல்லை உரிமையை ஆதரித்தாலும் இரு தரப்பும் அமைதி காக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டது.

இங்கே சிந்திக்க வேண்டிய செய்தி ஒன்றுண்டு. 2012ஆம் ஆண்டு ஜூன் மாதம் சிரியா துருக்கியின் போர் விமானம் ஒன்றைச் சுட்டு வீழ்த்தியிருந்தது. அதிலிருந்த இருவரும் மாண்டனர். குறுகிய நேர எல்லை மீறலைக் காரணம் காட்டித் தாக்குதல் நடத்தக்கூடாது என்று அப்போது பிரதமராக இருந்த எர்டோகன் வாதிட்டார். மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு அதே வாதத்தை ரஷ்யா அவருக்கு எதிராக எடுத்துரைத்தது. தனக்கு நேர்ந்தால் அநீதி, பிறருக்கு நேர்ந்தால் நீதி என்று எண்ணும் மனப்போக்கு நாடுகளுக்கும் உண்டு என்பதை இது காட்டுகிறது.

பகையின் விலையைச் சாதாரண மக்களே கொடுத்தனர். ரஷ்யா துருக்கிக்கான சுற்றுலாப் பயணங்களுக்குத் தடை விதித்தது. 2016ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாளிலிருந்து துருக்கியின் பல வகைக் காய்கறிகளையும் பழங்களையும் வாங்க மறுத்தது. ரஷ்யாவை நம்பித் தக்காளி பயிரிட்ட விவசாயிகள் கையைப் பிசைந்து நின்றனர். அந்தால்யா போன்ற கடற்கரை நகரங்களின் தங்குவிடுதிகளில் ஆள்நடமாட்டம் குறைந்தது. இத்தடையோடு பயங்கரவாதத் தாக்குதல்களும் சேர்ந்துகொள்ள, 2016ஆம் ஆண்டில் துருக்கிக்குச் சென்ற ரஷ்யர்களின் எண்ணிக்கை ஏறக்குறைய 870,000ஆகச் சரிந்தது. ரஷ்யாவிலும் பயண முகவர்கள் வருமானத்தை இழந்தனர். இவர்களில் எவரும் அந்த 17 விநாடிகளில் எந்த முடிவையும் எடுத்தவர்கள் அல்லர்.

ஆயினும், கோபத்தின் உச்சியிலும் இரு நாடுகளும் சில கதவுகளை மூடவில்லை. ரஷ்யா எரிவாயுக் குழாயை அடைக்கவில்லை. கருங்கடலையும் மத்தியதரைக் கடலையும் இணைக்கும் நீரிணைகள் துருக்கியின் கட்டுப்பாட்டில் உள்ளன. 1936ஆம் ஆண்டின் மோன்ட்ரோ உடன்படிக்கைக்கு ஏற்ப, துருக்கி அவற்றின் வழியே ரஷ்யக் கப்பல்களைத் தொடர்ந்து செல்லவிட்டது. தூதரகங்களும் மூடப்படவில்லை. பிற்பாடு சமாதானம் பேசுவதற்கு இவையே வழிவிட்டன.

ஏழு மாதங்கள் கழித்து, கசகஸ்தான் அதிபர் நூர்சுல்தான் நசர்பாயெவின் உதவியோடு இரகசியப் பேச்சுகள் பலன் தந்தன. 2016ஆம் ஆண்டு ஜூன் 27ஆம் நாள் எர்டோகனின் கடிதம் புட்டினைச் சென்றடைந்தது. உயிரிழந்த விமானியின் குடும்பத்தினருக்கு அதில் ஆழ்ந்த அனுதாபம் தெரிவிக்கப்பட்டிருந்தது. எர்டோகன் மன்னிப்புக் கேட்டுவிட்டார் என ரஷ்யத் தரப்பு அறிவித்தது. அவர் வருத்தம் தெரிவித்து, குடும்பத்தினரைப் பொறுத்துக்கொள்ளும்படி கேட்டுக்கொண்டார் எனத் துருக்கியத் தரப்பு கூறியது. மன்னிப்பு, வருத்தம், பொறுத்துக்கொள்ளுதல் ஆகிய சொற்களுக்கிடையே உள்ள நுண்ணிய வேறுபாடு இரு நாடுகளின் தன்மானத்தையும் காத்தது. போர் விமானங்களால் முடியாததை நன்கு தேர்ந்தெடுத்த சொற்கள் சாதித்தன.

இரண்டு நாள்களில் தலைவர்கள் தொலைபேசியில் பேசினர். அதற்கு மறுநாளே சுற்றுலாத் தடை நீங்கியது. ஆகஸ்ட் மாதம் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் இருவரும் நேரில் சந்தித்தனர். அதே ஆண்டு டிசம்பர் 19ஆம் நாள் துருக்கியின் தலைநகரான அங்காராவில் ரஷ்யத் தூதர் சுட்டுக் கொல்லப்பட்டார். முந்தைய ஆண்டாக இருந்திருந்தால் இது பெரும் பகையாக வெடித்திருக்கக்கூடும். ஆனால், இம்முறை தலைவர்கள் உடனே பேசிக்கொண்டனர். ரஷ்யப் புலனாய்வாளர்கள் அங்காராவுக்குச் சென்று விசாரணையில் கலந்துகொண்டனர். முன்பே திட்டமிட்டிருந்த வெளியுறவு அமைச்சர்கள் சந்திப்பும் மறுநாள் மாஸ்கோவில் நடைபெற்றது.

தக்காளிக்கு மட்டும் விடிவு தாமதமாகவே வந்தது. 2017ஆம் ஆண்டு நவம்பரில்தான், அதுவும் குறிப்பிட்ட அளவுக்கு மட்டுமே, துருக்கித் தக்காளியை வாங்க ரஷ்யா மீண்டும் அனுமதித்தது. துருக்கியின் கணக்குப்படி 17 விநாடிகள் மட்டுமே நீடித்த ஒரு நிகழ்வின் பாதிப்பு, ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் வரை விவசாயியின் வயலில் நீடித்தது. உயிரிழந்த இரு வீரர்களோ திரும்பி வரவே இல்லை.

பதறாத காரியம் சிதறாது என்பது நம் முன்னோர் வாக்கு. அண்டை நாடுகள் ஒன்றை ஒன்று விலகிச் செல்ல முடியாது. சினம் தணிந்த பிறகும் அதே கடலின் இரு கரைகளில்தான் அவை வாழ வேண்டும். எனவே, எல்லையைக் காப்பது எவ்வளவு முக்கியமோ, சினம் மிகுந்த வேளையிலும் பேசுவதற்கான வழியைத் திறந்து வைத்திருப்பதும் அவ்வளவு முக்கியம்.