பேரல் மாத்தறதுக்கு முன்னாடி தோட்டாவைப் பாரு

தம்பி, ரைஃபிள்ல பழைய பேரலைக் கழட்டிட்டுப் புதுசு போடப் போறேன், எந்தத் தோட்டாவுக்குப் போடட்டும்னு கேட்டிருந்தே. உலகத்துலயே நல்லாச் சுடற தோட்டா எதுன்னு தேடாதே. வருஷம் முழுக்க உன் கைக்கு வந்து சேர்ற தோட்டா எதுன்னு பாரு. பேரல் அதுக்கு அப்புறம்தான்.

முதல்ல லைசென்ஸை எடுத்து வை. எந்த போர் (குழல் விட்டம்), வருஷத்துக்கு எத்தனை ரவுண்டு வாங்கலாம், எல்லாம் அதுலயே இருக்கும். போர் மாறினா லைசென்ஸும் மாறணும். ஆயுதச் சட்டத்துக்குப் பேரலும் ஆயுதம்தான். அதனால வாங்கறதும் மாட்டறதும் லைசென்ஸ் உள்ளவங்க கையாலதான் நடக்கணும். ஊட்டியில தெரிஞ்ச லேத் பட்டறை இருக்குன்னு அந்தப் பக்கம் போயிடாதே.

300 மீட்டர் போட்டி மேல ஆசை உனக்கு உண்டுன்னு தெரியும். வெளிநாட்டுல .308 வெச்சிருந்த நிறைய பேர் 6 எம்.எம். பி.ஆருக்கு மாறினாங்க. ரெண்டு தோட்டாவுக்கும் அடிவட்டம் ஒரே அளவு. போல்ட்டைத் தொட வேண்டாம், பேரலை மட்டும் மாத்தினாப் போதும். தோள்ல உதையும் குறையும். ஆனா .308, ராணுவத்தோட 7.62-க்குக் கூடப்பிறந்தது மாதிரி. 7.62 இங்கே தடை செஞ்ச போர், சாதாரண லைசென்ஸ்ல வராது. பி.ஆர். தோட்டாவுக்கோ எங்கே போவே? அதனால .22 எல்.ஆர்.லயே இரு. 2024 பாரிஸ் ஒலிம்பிக்ஸ்ல ஸ்வப்னில் குசாலே 451.4 எடுத்து வெண்கலம் வாங்கினது அந்தத் தோட்டாவுலதான். 50 மீட்டர் தூரத்துல பத்துப் புள்ளி வட்டம் 10.4 மில்லிமீட்டர். அதுல அடிச்சுப் பழகவே வருஷக்கணக்காகும்.

பேரல் சொல்றப்போ ‘மேட்ச் சேம்பர்’னு கேளு. அது இறுக்கமா இருக்கும். ரவுண்டை உள்ளே தள்ளும்போதே ஈயம் ரைஃப்லிங் வரியில லேசாப் பதியும். அதுக்குள்ள ஸ்டிங்கர் மாதிரி வேக ரவுண்டைப் போடவே கூடாது, அதோட கேஸ் நீளம். சுடாம ரவுண்டை வெளியே எடுத்தா, குண்டும் கூடவே வந்துதான்னு பாரு. சில சமயம் அது பேரல்லயே தங்கிடும். அது தெரியாம அடுத்த ரவுண்டைச் சுட்டா பேரல் போச்சு, கண்ணுக்கும் ஆபத்து.

அப்புறம் லாட், அதாவது ஒரே தடவையில தயாரான தொகுதி. இதுலதான் நிறைய பேர் கோட்டை விடறாங்க. ஈலி டெனெக்ஸ், ஆர்.டபிள்யூ.எஸ். ஆர்50, லாபுவா மூணுமே நல்ல சரக்கு. ஆனா ஒரே பெயர்ல வர்ற ரெண்டு லாட் உன் பேரல்ல ரெண்டு விதமா விழும். டப்பாவுல லாட் நம்பர் அடிச்சிருப்பாங்க. ஒவ்வொண்ணுலயும் பத்துப் பத்து ரவுண்டா அஞ்சு குரூப் சுட்டுப் பாரு. பிராண்ட் மாத்தினா முதல் பத்து ரவுண்டைக் கணக்குல சேர்க்காதே, பழைய மெழுகு போய்ப் புது மெழுகு படியணும். ஒத்துப்போற லாட் கிடைச்சா லைசென்ஸ் இடம் கொடுக்கற வரைக்கும் வாங்கிடு. (நம்ம அரவங்காட்டுல நூறு வருஷத்துக்கும் மேலா வெடிமருந்து செய்யறாங்க, மேட்ச் ரவுண்டு மட்டும் இங்கிலாந்துலேருந்தும் ஜெர்மனியிலேருந்தும் வரணும்!)

நம்ம ஊர் எமரால்டோட மலைக் குளிரையும் கணக்குல வை. மேட்ச் ரவுண்டு நொடிக்கு ஏறக்குறைய 325, 330 மீட்டர்ல கிளம்பும். ஒலியோட வேகம் கோயம்புத்தூர் வெயில்ல 349 மீட்டர், ஜனவரி உறைபனியில 331. அதாவது இங்கே காலையில சுட்டா குண்டு ஒலிவேகத்தை உரசிக்கிட்டே கிளம்புது. அந்த இடத்துல காத்து குண்டை அதிகமாத் தள்ளும். அதனால போட்டி சமவெளியிலன்னா லாட் சோதனையும் அங்கேயே வெச்சுக்கோ. இங்கே பனியில பார்த்து ஒரு லாட்டைக் கழிச்சுடாதே.

ஈரம் இன்னொரு தொல்லை. 2019 ஆகஸ்ட்ல பக்கத்து அவலாஞ்சியில ஒரே நாள்ல 82 சென்டிமீட்டர் மழை கொட்டினது ஞாபகம் இருக்குல்ல? ரவுண்டை மூடி இறுக்கமான டப்பாவுல சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு, பூட்டின அலமாரியில வை. அடுப்பங்கரைச் சூட்டுல வைக்காதே, மெழுகு இளகிடும். சுடறதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடி ரேஞ்சுக்குக் கொண்டுபோயிடு, ரவுண்டு அங்கத்துச் சூட்டுக்கு வரட்டும்.